எழுத்தாளனுக்கும் ஒரு கருவறையா?

கல்லைக் கடவுளென்று கும்பிடாதே என்று ஊர் ஊராய் முழங்குகிறோம். மனுவே எழுதியிருந்தாலும், மகேசனே எழுதியிருந்தாலும், அறிவுக்கு ஒவ்வாததை அடித்துத் திருத்து என்கிறோம். நன்று! ஆனால், நம் தோழர் ஒருவர் சிறுகதை எழுதுகிறார். "இந்த இடம் பொருந்தவில்லையே" என்று மற்றொரு தோழர் சுட்டுகிறார். உடனே முகம் சிவக்கிறது! "உள்ளத்திலே ஊற்றெடுத்தது, ஒரு சொல்லையும் மாற்றேன்" என்கிறார். அருள்வாக்கு என்று பூசாரி சொன்னால் நகைக்கும் நாம், ஊற்று என்று எழுத்தாளர் சொன்னால் மட்டும் கைகட்டி நிற்பதா? கருவறைக்குள் எவரும் நுழையக்கூடாது என்பதற்கும், கதைக்குள் எவரும் கைவைக்கக்கூடாது என்பதற்கும் என்ன வேறுபாடு?

திருவிளையாடற் புராணத்தைப் பாருங்கள். தருமிக்கு இறைவனே பாட்டெழுதித் தந்தானாம். நக்கீரர் அதிலே குற்றம் கண்டாராம். நெற்றிக்கண் திறந்ததாம், புலவர் பொற்றாமரைக் குளத்திலே வீழ்ந்தாராம். கதை கட்டியோர் கற்பித்த பாடம் என்ன? குற்றம் சொல்பவனைக் கொளுத்து என்பதன்றோ! குறை சொன்ன தோழரிடம் சீறுபவர், நக்கீரரின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

அமெரிக்க நாட்டு ஹார்ப்பர் லீ 1957-இல் தம் முதல் நாவலைப் பதிப்பகத்தாரிடம் அளித்தார். டே ஹோஹாஃப் என்னும் பதிப்பாசிரியை அதைப் படித்தார். தனித்தனி நிகழ்ச்சிகளின் கோவையாக இருக்கிறது, நாவலாக உருப்பெறவில்லை என்று கருதினார். இடையிடையே வரும் இளமை நினைவுகளையே கதையாக்குமாறு தூண்டினார். லீ சீறவில்லை; இரண்டாண்டுக்கு மேல் உழைத்துத் திரும்ப எழுதினார். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டிலேற்றப்பட்ட கறுப்பர் ஒருவரின் நிலையை, ஒரு சிறுமியின் வாய்மொழியிலே சொல்லி உலகை உலுக்கிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960-இல் பிறந்தது. பழைய படி 2015-இல் வேறு பெயரில் அச்சேறியது. இரண்டையும் ஒப்பிடுவோர் திருத்தத்தின் ஆற்றலை அறிவர். டால்ஸ்டாய் 1889-இல் தொடங்கிய 'புத்துயிர்ப்பு' 1899-இல்தான் வெளிவந்தது. பேரறிஞருக்குப் பத்தாண்டு, நமக்கோ ஒரே இரவு போதுமாம்!

"கொள்கைக் கதைதானே, குறை இருந்தாலென்ன?" என்பர் சிலர். இதைவிடக் கொள்கைக்குக் கேடு வேறில்லை. வைக்கோற் பொம்மையாய் ஒரு புரோகிதர், மூன்று பக்கம் மேடைப்பேச்சுப் பேசும் ஒரு கைம்பெண், கடைசி வரியில் ஒரு சீர்திருத்தத் திருமணம். நம்மவர் கைதட்டுவர். மாற்றான் சிரிப்பான். இரண்டுக்கும் நடுவே தயங்கி நிற்பவன் ஏட்டை மூடிவிடுவான். அவனை வெல்லத்தானே எழுதினோம்?

எனவே தோழர்களே, கதையைப் புகழுரையாளரிடம் நீட்டாதீர். கைம்பெண்ணைப் பற்றி எழுதினால் கைம்பெண் ஒருத்தியிடம் படித்துக் காட்டுங்கள். ஆலைத் தொழிலாளியைப் பற்றி எழுதினால் ஆலைத் தொழிலாளியிடம் கொடுங்கள். அவர்கள் எங்கே முகம் சுளிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னபடி மாற்று என்று அவர்கள் கூறுவதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால், இங்கே இடறினேன் என்று கூறினால் அதை மறுக்க உங்களுக்கு உரிமையில்லை. இடறியது அவர் கால்!

எதையும் கேள்வி கேள் என்று நாட்டுக்குச் சொல்லப் புறப்பட்டோம். அந்தக் கேள்வி முதலில் நம் கையெழுத்துப்படி மீது பாயட்டும்.