மாட்டுக்கு மருந்து, கழுகுக்கு நஞ்சு

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லி வந்ததையே ரஸாயன சாஸ்திரிகள் வேறு பாஷையில் சொல்லி வருகிறார்கள். எந்த வஸ்துவும் ஓர் அளவில் மருந்து, மற்றோர் அளவில் விஷம் என்பது அவர்களுடைய மூல சூத்திரம். ஆகவே புதிய மருந்தொன்று கடைக்கு வருமுன் எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்து, எந்த அளவில் என்ன செய்கிறதென்று கணக்கெடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அதற்கு விரோதமாக நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் "அளவு" என்றால் யாருக்கு அளவு என்ற கேள்வி ஒன்று இருக்கிறதல்லவா? அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதனால் நம் தேசத்துக்கு நேர்ந்த ஒரு பெரு நஷ்டத்தைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறோம்.

டைக்ளோஃபினாக் என்னும் பெயர் நேயர்களில் பலருக்குப் புதிதல்ல. முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் மாத்திரையாகவும் ஊசியாகவும் களிம்பாகவும் நம் வீட்டு அலமாரிகளில் இடம் பிடித்துக்கொண்ட மருந்து அது. ஸ்விட்ஜர்லாந்து தேசத்துக் கம்பெனி ஒன்றில் உருவாயிற்று. மனிதர்களிடம் முறைப்படி பரீட்சை செய்யப்பட்டு, கோடிக் கணக்கான பேருடைய வலியைத் தீர்த்தது. 1990-களில் அது மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் நம் நாட்டில் கால்நடைகளுக்கும் கொடுக்கலானார்கள். நொண்டிய எருது நடந்தது. மடி வீங்கிய பசு பால் கறந்தது. வைத்தியருக்குத் திருப்தி, குடியானவருக்குத் திருப்தி, மாட்டுக்கும் திருப்தி. நாலாவது கட்சிக்காரர் ஒருவர் ஆகாயத்தில் வட்டமிட்டுக் கொண்டிருந்தார். அவரை யாரும் கலந்துகொள்ளவில்லை.

பழந்தமிழர் 'பாறு' என்று அழைத்த பிணந்தின்னிக் கழுகைத்தான் சொல்கிறோம். சீதையைக் காக்கச் சிறகிழந்த ஜடாயுவின் குலம் என்று கோவிலில் கும்பிடுகிறோம். தெருவில் கண்டால் முகம் சுளிக்கிறோம். ஆனால் இந்த தேசத்தில் அவை செய்து வந்த தோட்டி வேலையை எந்த முனிஸிபாலிடியும் செய்ததில்லை. மாட்டிறைச்சி உண்ணாத ஜனங்கள் ஏராளமாயுள்ள நாடு இது. இறந்த மாட்டை ஊருக்கு வெளியே கொண்டு போய்ப் போடுவார்கள். தோலை உரித்துச் செல்வார்கள். மிச்சத்தைக் கழுகுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். பம்பாயில் பார்ஸி சமூகத்தாரின் அந்திமக் கிரியைகூட இந்தப் பறவைகளையே நம்பியிருந்தது. இன்று அங்கே சூரிய வெப்பத்தைக் குவிக்கும் சாதனங்களைக் கொண்டு சமாளிக்க வேண்டியிருக்கிறது.

1990-களில் கழுகுகள் குறைய ஆரம்பித்தன. ராஜஸ்தானத்தில் பரத்பூர் சரணாலயத்தில் பல வருஷங்களாகக் கழுகுகளைக் கவனித்து வந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்பவர் முதலில் அபாயத்தை உணர்ந்தார். கூடுகள் காலியாயின, பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்து, சில நாளில் கீழே விழுந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையே எடுத்த கணக்கு நம்ப முடியாததாயிருக்கிறது. வெண்முதுகுப் பாறு என்னும் இனத்தில் ஆயிரத்துக்கு 999 மறைந்துவிட்டன. கொள்ளை நோய் என்றார்கள் சிலர். பூச்சி மருந்து என்றார்கள் சிலர். கழுகு என்ன சாப்பிட்டது என்று நினைத்துப் பார்க்கப் பல வருஷங்கள் ஆயின.

மர்மம் துலங்கியது பாகிஸ்தானத்தில். அமெரிக்கக் கால்நடை நிபுணர் லிண்ட்ஸே ஓக்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் அங்கே இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்தபோது, ஈரல் முதலிய உறுப்புகளின் மேல் வெண் சுண்ணம் பூசினாற்போல் யூரிக் அமில உப்புப் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போனதற்கு அடையாளம் அது. கிருமிகளைத் தேடினார்கள்; ஈயம் முதலிய உலோகங்களைத் தேடினார்கள்; பூச்சி மருந்தைத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கழுகின் சாப்பாட்டைப் பற்றி யோசித்தார்கள். அது மாடு, அந்த மாடு என்ன மருந்து சாப்பிட்டது? மருந்துக் கடைகளிலும் கால்நடை வைத்தியர்களிடமும் விசாரித்து, சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியதும் வாய் வழியே உடம்பில் சேரக் கூடியதுமான சரக்கு எதுவென்று பார்த்ததில், டைக்ளோஃபினாக் ஒன்றுதான் மிஞ்சிற்று. பிறகு நடந்த சோதனை வெகு தெளிவானது. சிறுநீரகம் கெட்டு இறந்த 25 கழுகுகளின் உடலிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13 கழுகுகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-ம் வருஷம் இந்த முடிவு வெளியாயிற்று.

அளவைப் பற்றிப் பேசினோமே, அதைச் சற்றுப் பார்க்கலாம். மூட்டு வலிக்காரர் ஒருவர் 50 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு மூன்று வேளை விழுங்கிவிட்டு உலாவப் போகிறார். அந்த ஒரு மாத்திரையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு, ஐந்து கிலோ எடையுள்ள பாறு ஒன்றைக் கொல்லப் போதுமானது! இதைவிட விந்தை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 'வான்கோழிக் கழுகு' என்று ஒரு பறவை இருக்கிறது. நம் பாறுகளைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் அதற்கு ஒரு கெடுதலும் உண்டாகவில்லை என்று 2008-ல் கண்டார்கள். கழுகிடம் சோதித்தாகிவிட்டது, பயமில்லை என்று அந்தப் பறவையைக் காட்டியே ஒருவர் அத்தாட்சி எழுதியிருக்கலாம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாயிராது.

இன்னொரு கணக்கும் உண்டு. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே கழுகினம் நாசமாவதற்குப் போதும் என்று கணித்திருக்கிறார்கள். காரணம் எளிது. பாறு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். ஆனால் ஒரே மாட்டைச் சுற்றிப் பல பறவைகள் பந்தியில் உட்காரும்.

கழுகு போனால் போகட்டும், நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. கழுகில்லாத இடத்தில் பிணங்கள் அழுகின, தண்ணீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின, நாய்க்கடி விஷமும் பெருகிற்று. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் இரு பொருளாதார நிபுணர்கள், கழுகுகள் முன்பு நிறைந்திருந்த ஜில்லாக்களையும் அவ்வளவாக இல்லாத ஜில்லாக்களையும் ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தார்கள். 2000 முதல் 2005 வரையில் இதனால் அதிகப்படியாக இறந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்று 2024-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மதிப்பீடுதான், தலை தலையாக எண்ணியதல்ல. அதில் பாதியென்று வைத்துக்கொண்டாலும் நமக்குத் தூக்கம் வராது.

சர்க்கார் 2006-ம் வருஷம் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. உடனே மனிதருக்கான மருந்து பெரிய புட்டிகளில் மாட்டுத் தொழுவத்துக்கு நடந்து போயிற்று! ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி புட்டி யாருக்காக என்று விளக்க வேண்டுமா? 2015-ல் 3 மில்லிக்கு மேற்பட்ட ஊசி மருந்துப் புட்டி கூடாதென்று உத்தரவாயிற்று. மருந்துக் கம்பெனிகள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயின. 2017-ல் உத்தரவே நிலைத்தது.

மாட்டின் வலிக்கு என்ன செய்வது? கேட்க வேண்டிய கேள்விதான். மெலாக்ஸிகாம் என்ற மாற்று மருந்தை முதலில் ஆப்பிரிக்கக் கழுகுகளிடமும் பிறகு நம் நாட்டுக் கழுகுகளிடமும் சோதித்து, தீங்கில்லையென்று 2006-லேயே கண்டார்கள். இதுவல்லவோ பரீட்சை! ஆனால் பரீட்சையில்லாத மற்ற மருந்துகளும் கடைகளில் இருந்தன. அவற்றில் அஸிக்ளோஃபினாக் என்பது பசுவின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. வேஷம் மாத்திரம் வேறு. அதையும் கீட்டோபுரோஃபென் என்பதையும் 2023-ல் தடை செய்தார்கள். கழுகுக்கு விஷமென்று தெரிந்த மருந்து கால்நடை வைத்தியத்திலிருந்து தானாகவே விலகும்படி ஓர் ஏற்பாடு வேண்டுமென்று 2020-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட திட்டத்திலேயே சொல்லியிருக்கிறது. கடைக்கு வந்த பிறகு விலக்குவதைக் காட்டிலும், வருமுன்னே பாறுக்கு ஆகுமா என்று கேட்பது சிக்கனம் என்பது நம் அபிப்பிராயம்.

நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றங்கரை நீர்மருத மரங்களில் இன்றும் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. மாடு வளர்க்கும் நேயர்கள், முக்கியமாக அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள், வைத்தியரிடம் மெலாக்ஸிகாம் கொடுக்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். வேறு வலி மருந்து ஊசி போட்ட மாடு சில நாளுக்குள் இறந்துவிட்டால், வெளியில் போடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.