கோர்களை எண்ணுவது அளவீடு ஆகாது

திருவனந்தபுரத்திற்கு இயங்குதளம் அயலான பொருளன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது இந்நகரில்தான். கேரளப் பள்ளிக் கணினிகளுக்கான லினக்ஸ் பதிப்பை உருவாக்கும் கைட் நிறுவனம் இங்குள்ளது. ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையிலான வேகா செயலிகளை வடிவமைத்ததும் இங்குள்ள சி-டாக்தான். புதிய செயலியில் லினக்ஸை இயக்க முனைவோர் கெர்னலை மீண்டும் மீண்டும் கம்பைல் செய்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைப்பது மெய்யான ஆய்வுப் பொருள். அதைப் பற்றி எழுதப்படும் முறைதான் ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

"பல்கோர் கணினியில் இத்தனை மடங்கு வேகம்" என்று திட்ட அறிக்கைகள் முடிகின்றன. எந்தக் கெர்னல் பதிப்பு, எந்தக் கம்பைலர், எந்த உள்ளமைவு, எத்தனை முறை ஓட்டப்பட்டது என்று கேட்டால் விடை இல்லை. முதல் ஓட்டத்தில் கோப்புகள் வட்டிலிருந்து வருகின்றன. இரண்டாம் ஓட்டத்தில் அவை நினைவகத்திலேயே இருக்கின்றன. முன்னதை ஒரு கோருக்கும் பின்னதை எட்டுக் கோர்களுக்கும் எழுதிவிட்டு, வேறுபாடு முழுவதையும் கோர்களின் கணக்கில் வைப்பது பிழையன்று, பொய். சிகேஷ் பழைய விடைகளை எடுத்துத் தந்த நேரத்தைக் கம்பைலரின் நேரமாகக் காட்டுவதும் அவ்வாறே.

'வேகம்' என்ற ஒற்றைச் சொல் இங்கே இரண்டு அளவுகளை மறைக்கிறது. ஒன்று, கடிகாரத்தில் கழிந்த நேரம்; மற்றொன்று, எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைத்த நேரம். முன்னது குறையும்போதே பின்னது கூடலாம். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் செயலிகளில் இது இயல்பு. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுபவர் வரவைக் காட்டிச் செலவை மறைக்கிறார்.

கோர்களைக் கூட்டினால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஆம்டால் 1967-லேயே வரம்பு காட்டிவிட்டார். வேலையில் 95 விழுக்காடு பகிரத்தக்கது என்று கொள்வோம். 16 கோர்கள் தருவது ஏறத்தாழ 9 மடங்கு. 64 கோர்கள் தருவது 15 மடங்கு. எத்தனை கோர்கள் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்ட இயலாது. எல்லாக் கோப்புகளும் முடிந்தபின் லிங்கர் அவற்றை ஒன்றாக இணைக்கும் இறுதிக் கட்டத்தில், பெரும்பாலான கோர்கள் கைகட்டி நிற்கின்றன.

இதற்கு மாறான வழியும் உண்டு. 2022 ஜனவரியில் இங்கோ மோல்னார் லினக்ஸ் கெர்னலுக்கு 2,200-க்கும் மேற்பட்ட திருத்தங்களை முன்வைத்தார். ஹெடர் கோப்புகள் ஒன்றையொன்று தேவையின்றி இழுத்துவரும் சிக்கலை அவிழ்ப்பதே அவற்றின் நோக்கம். கம்பைல் வேகம் 50 முதல் 80 விழுக்காடு உயர்வதாக அறிவித்து, அளவீடுகளையும் உடன் தந்தார். ஒரு கோரும் கூட்டப்படவில்லை. நேரம் எங்கே போகிறது என்று பார்க்கப்பட்டது.

"மாணவர் அறிக்கைக்கு இவ்வளவு கடுமை எதற்கு?" என்பர். அந்த அறிக்கைகளை நம்பித்தான் ஆய்வகங்கள் பொறி வாங்குகின்றன. நான்கு கோர் கணினி மட்டுமே உள்ள கல்லூரி மாணவர், கெர்னல் ஆய்வு தமக்கானதன்று என்று விலகுவதும் அவற்றைப் படித்துத்தான். தேவையற்ற டிரைவர்களை உள்ளமைவிலிருந்து நீக்கினாலே தம் காத்திருப்பு வெகுவாகக் குறையும் என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை.

பதிப்பும் உள்ளமைவும் கட்டளையும், குறைந்தது ஐந்து ஓட்டங்களின் இடைநிலை மதிப்பும் சிதறலும் இல்லாத எந்த 'மடங்கு' கணக்கையும் நெறியாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். அளக்காதவருக்கு வேகத்தைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை.