முங்கெபோ: கப்பல்கள் போன பின்

டென்மார்க்கின் மூன்றாவது பெரிய நகரமான ஓடென்ஸ, ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த ஊர் என்பதால் இலக்கிய வாசகர்களுக்குப் பழகிய பெயர். அதன் வடகிழக்கே கடற்கழியோரம் இருக்கும் முங்கெபோவைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மெர்ஸ்க் குழுமத்தின் லிண்டோ கப்பல் கட்டும் தளம் 1959இல் இங்கே வந்தது. சிறிய கிராமம் தொழிலாளர் ஊராயிற்று.

2006இல் இங்கிருந்து வெளியேறிய 'எம்மா மெர்ஸ்க்' அன்றைய உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல். நீளம் 397 மீட்டர். மூன்றே ஆண்டுகளில், 2009 ஆகஸ்டில், தளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆசியத் தளங்களின் விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2011இல் மெர்ஸ்க் தன் அடுத்த பெரிய கப்பல்களுக்குத் தென்கொரியாவின் டேவூவிடம் ஆர்டர் கொடுத்தது. 2012இல் லிண்டோவில் கப்பல் கட்டுவது நின்றது. சொந்தக்காரனே வேறு கடைக்குப் போய்விட்டால் தொழிலாளியின் திறமை மட்டும் என்ன செய்யும்?

ஆனால் ஒன்று எஞ்சியது. கப்பல் உடலை வெல்டிங் செய்ய ரோபோக்களைப் பழக்குவதில் தளம் ஆர்வம் காட்டியிருந்தது. 1997இல் மொல்லர் அறக்கட்டளையின் நன்கொடையில் ஓடென்ஸ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள் 2005இல் தொடங்கிய யுனிவர்சல் ரோபோட்ஸை, 2015இல் அமெரிக்காவின் டெரடைன் 28.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஓடென்ஸ இன்று ரோபோ நகரம்.

நமக்கு ஸ்ரீபெரும்புதூர் நினைவுக்கு வரும். 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. பின்னர் சால்காம்ப் நிறுவனம் வந்ததால் கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. ஆனால் அங்கே நடந்தது கைப்பேசி கோர்க்கும் வேலை. வடிவமைப்பு வேறெங்கோ நடந்தது. அதனால் ஆலை போனபோது ஊரில் தங்குவதற்கு அறிவு என்று அதிகம் இருக்கவில்லை.

லிண்டோவின் கதையையும் முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. மென்பொருள்காரனான என் பார்வையில், ஐம்பது வயது வெல்டர் ஒருவர் ரோபோவுக்கு நிரல் எழுதுபவராக மாறுவது எளிதல்ல. புதிய நிறுவனங்கள் பக்கத்து நகரத்தில் முளைத்தன. முங்கெபோவுக்கு மிஞ்சியவை ராட்சத கிரேனும் ஆழமான துறையும். அங்கே இப்போது கடல் காற்றாலைகளுக்கான பெரும் பாகங்கள் செய்யப்படுகின்றன. 2024 டிசம்பரில் டென்மார்க் அரசு நடத்திய கடல் காற்றாலை ஏலத்துக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 2025இல் மானியம் தருவதாகச் சொல்லி ஏலத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. முங்கெபோ மறுபடியும் ஒரே துறையை நம்பி நிற்கிறது.

நம் ஊர்களுக்குத் தொழிற்சாலை வரும்போது எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறோம். அருகிலுள்ள கல்லூரிக்கு அதனால் என்ன கிடைக்கும் என்றும் சேர்த்துக் கேட்கலாம்.