ஒரு ஸ்டூல் போதும்!

ஓசூர் சிப்காட்டுக்கு மார்கழிக் குளிரில் காலை ஷிப்டுக்கு ஓடுகிறவர்களில் மூட்டுவாதக்காரர்களும் உண்டு. விடிந்ததும் விரல் மடங்காது. வெயில் ஏற ஏறத்தான் பிடிப்பு விடும். 'நிக்க முடியலையா? வேலையை விட்டே நின்னுடு' என்பது என்ன நியாயம்?

நின்றே வேலை பார்ப்பவருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கடைச் சிப்பந்திகளுக்கும் அந்த உரிமையை 2021-ல் தமிழகம் சட்டமாக்கியது.

ஒரு ஸ்டூல், கனம் தூக்காத வேலை, காலை ஷிப்டுக்குப் பதில் மதிய ஷிப்டு. இதற்கு ஆகும் செலவு சொற்பம். இருபது வருஷக் கைப்பழக்கம் உள்ள தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பினால்தான் நஷ்டம்! கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.