அப்பா போட்ட கோடு

எங்கள் வீட்டு வரவேற்பறையில் 200 லிட்டர் கடல் இருக்கிறது. ஈசூன் நான்கறை வீட்டில் அதற்கு இடம் பிடிக்க நான் பட்ட பாட்டை இன்னொரு வாரம் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் "நீமோ!" என்று கோமாளி மீனிடம்தான் ஓடுவார்கள். மீன் வளர்ப்பது பெரிய கஷ்டமில்லை. அதன் பின்னால் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும் பவளங்களை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை.

பவளம் செடியல்ல, விலங்கு. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துத் தனக்குச் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டிக்கொள்கிறது. கடலில் எடுத்தால் குறையாது. 200 லிட்டரில் குறையும். முதலில் குறைவது தெரிவது காரத்தன்மையில். மீன் கடைகளில் 'கேஎச்' என்பார்கள். இது 8-லிருந்து 5.2-க்கு இறங்கும்போது, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராமிலிருந்து 400-க்குத்தான் வந்திருக்கும். ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் கேஎச்சைப் பாருங்கள்.

சென்ற ஆண்டு வேலை விஷயமாக இரண்டு வாரம் ஜகார்த்தா போக வேண்டியிருந்தது. தொட்டியை அப்பாவிடம் ஒப்படைத்தேன். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு பவளத்தின் பெயர்கூடத் தெரியாது.

"என்னடா செய்யணும்?"

"குறையுற தண்ணிய ஊத்துங்கப்பா. உப்புத் தண்ணி இல்ல, வடிகட்டின நல்ல தண்ணி."

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறும். நம் ஊர் வெக்கையில் தொட்டியைக் குளிர்விக்க விசிறி ஓடிக்கொண்டே இருப்பதால் எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் போய்விடும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவும் முடியாது. அதிலிருக்கும் குளோராமின், வாளியில் இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் போகாது.

இதோடு இரண்டு போத்தல் கரைசல்கள்: காலையில் கால்சியம், இரவில் காரம். சேர்த்து ஊற்றினால் இரண்டும் கலந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மார்க்கர் பேனா ஒன்றை எடுத்து, கீழேயுள்ள வடிகட்டிப் பெட்டியின் கண்ணாடியில் ஒரு கோடு போட்டார். தினமும் காலை 7 மணிக்குக் கோப்பி குடித்ததும் அந்தக் கோடு வரை தண்ணீர். அவ்வளவுதான் அவர் முறை.

நான் திரும்பி வந்தபோது பவளங்கள் பூத்துக் கிடந்தன. அதைப் பார்த்து விட்டுவிட்டிருக்கலாம். பெட்டியை வைத்த கையோடு கேஎச் சோதித்தேன். 6.1.

"அப்பா, ராத்திரி மருந்து ஒழுங்கா ஊத்துனீங்களா?"

"ஒரு நாள்கூட விடலடா."

நான் நம்பவில்லை. சமையலறையில் ஆப்பசோடா இருந்தது. பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். 200 லிட்டரில் கேஎச் 1 ஏற 6 கிராம் போதும். நான் 18 கிராமைக் கரைத்து அன்றிரவே ஊற்றினேன். ஒரு நாளைக்கு 1-க்கு மேல் ஏற்றாதீர்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே நான்.

மூன்றாம் நாள் அக்ரோபோரா அடியிலிருந்து தோலுரியத் தொடங்கியது. கட்டைவிரல் அளவில் வாங்கி, நான்கு ஆண்டில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த கிளைப் பவளம். வார இறுதிக்குள் வெறும் வெள்ளை எலும்பு. பக்கத்திலிருந்த இன்னொன்றும் போனது.

நண்பர் தன் சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்தார். 10.8 காட்டியது. என் பெட்டியை எடுத்துப் பார்த்தோம். காலாவதியாகி எட்டு மாதம். அமிலப் போத்தலின் மூடியில் விரிசல். தண்ணீர் ஆவியாகி உள்ளே அமிலம் அடர்ந்துபோய், சில துளிகளிலேயே நிறம் மாறி, குறைந்த எண்ணைக் காட்டியிருக்கிறது. அப்பா தொட்டியை 8-க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கெடுத்தது நான்.

சொன்னேன். "செத்துப் போச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்த எலும்பைக் கழுவித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் என் கண்ணில் படும்.

இப்போது எண் வித்தியாசமாக வந்தால் முதலில் வேறு பெட்டியில் சோதிப்பேன். அதுவும் அதே எண் என்றால், மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும். இயற்கைக் கடலில் கேஎச் ஏறத்தாழ 7. தொட்டியில் 8 இருந்தாலும் 9 இருந்தாலும் பவளம் வளரும். இன்று 7, நாளை 10 என்றால்தான் தாங்காது. தண்ணீர் மாற்றும்போதும் கவனம் தேவை. சில உப்புகளைக் கரைத்தால் கேஎச் 11-க்கு மேல் வரும். பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றினால் அதுவும் என் ஆப்பசோடா மாதிரிதான். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 20 லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிஎச் பார்த்துப் பயப்படுவதையும் விட்டுவிட்டேன். பகலில் ஏறும், விடியற்காலையில் இறங்கும். தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தங்கள், சன்னலை அடைத்துக் குளிர்சாதனம் போட்டிருந்தோம். எல்லாரும் விட்ட மூச்சில் கரியமிலவாயு சேர்ந்து பிஎச் 7.8-க்கு வந்துவிட்டது. ஒரு துளி மருந்தும் ஊற்றவில்லை. சன்னலைத் திறந்தேன், அத்தைதான் வேர்க்கிறது என்று திட்டினார்.

இறந்த அக்ரோபோராவின் அடியில், கல்லோடு ஒட்டியிருந்த விரல்நகம் அளவு துண்டு மட்டும் பிழைத்தது. முதலில் பார்த்தவர் அப்பாதான். இப்போது கேஎச் சோதிப்பதும் அவர் வேலை. நாள்காட்டித் தாளில் எழுதி வைக்கிறார். நேற்று 8.0. இன்று 8.1.

"சோடா எதுவும் போடணுமா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.