சமதள உலகின் வானொலி: கணினி உருவகப்படுத்தல் குறித்து ஒரு விமரிசனம்

இரு வானொலிக் கருவிகளுக்கிடையே சமிக்ஞை எவ்வளவு நலிகின்றது என்பதை இயற்கையே தீர்மானிக்கின்றது. மலையும் மரமும் சுவரும் ஈரமும் அதிற் பங்கு கொள்கின்றன. ஆனால், கம்பியில்லா வலையமைப்பொன்றைக் கணினியினுள்ளே உருவகப்படுத்தும் ஆய்வாளர் அந்நலிவைத் தாமே ஓர் எண்ணாகக் குறித்துக் கொடுக்கின்றார். இயற்கையின் ஆசனத்தில் அவ்வெண் அமர்ந்துகொள்கின்றது. அது எங்கிருந்து பெறப்பட்டது என்ற வினாவிற்கு விடைகூறாத ஆய்வு, எத்துணை வரைபுகளால் அணிசெய்யப்பட்டிருப்பினும், வானொலி பற்றிய ஆய்வாகாது. தன் அனுமானங்களைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் பயிற்சியாகவே அது அமையும்.

இவ்வெண்ணின் ஆதிக்கம் எத்தகையது என்பதை ஓர் எளிய கணக்கே புலப்படுத்தும். 1946ஆம் ஆண்டில் ஹரால்ட் பிரிஸ் வெளியிட்ட சமன்பாட்டின்படி, தடையற்ற வெளியில் தூரம் இருமடங்காகும்போது நலிவு 6 தெசிபெலால் அதிகரிக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் ஒரு மீற்றர் தூரத்தில் நலிவு ஏறத்தாழ 40 தெசிபெல். நூறு மீற்றரில் 80 தெசிபெல். இங்கு தூரத்தின் அடுக்கு 2 ஆகும். தடைகள் மலிந்த சூழலுக்கென அவ்வடுக்கை 4 ஆகக் கொண்டால், அதே நூறு மீற்றரில் நலிவு 120 தெசிபெலாகின்றது. வேறுபாடு 40 தெசிபெல். அதாவது வாங்கியை அடையும் வலுவில் பத்தாயிரம் மடங்கு. முன்னதில் தெளிவாகக் கேட்கும் சாதாரண கருவி பின்னதில் அறவே கேளாது போகலாம். ஓர் இலக்கம் மாறியதும் ஒரு வலையமைப்பே தோன்றுகின்றது அல்லது மறைகின்றது.

இத்துணை வலிமை வாய்ந்த எண்ணைப் பலர் தெரிவு செய்வதேயில்லை. மென்பொருள் தந்ததை ஏற்றுக்கொள்கின்றனர். ஆய்வுலகில் பரவலாக வழங்கும் என்.எஸ்-3 மென்பொருளின் மடக்கைத் தூர மாதிரியில் எதனையும் மாற்றாது விடின், அடுக்கு 3 எனவும் ஒரு மீற்றரில் நலிவு 46.6777 தெசிபெல் எனவும் கொள்ளப்படும். பின்னைய பெறுமானம் 5.15 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுக்குரியது. 2.4 கிகாஹேர்ட்ஸ் வலையமைப்பை ஆராய்பவர் இதனை மாற்ற மறந்தால், முதல் மீற்றரிலேயே 6 தெசிபெலுக்கு மேற்பட்ட வழு புகுந்துவிடுகின்றது. குற்றம் மென்பொருளினுடையதன்று. ஒவ்வொரு சோடிக் கருவிக்கும் நலிவைத் தனித்தனியே அட்டவணையாகக் கொடுக்கும் வழியும் அதிலுண்டு. களத்தில் அளந்தவர்க்கு அவ்வழி திறந்தே கிடக்கின்றது. அளவாதவர்க்கு அட்டவணையில் இடுவதற்கு எதுவுமில்லை.

இது வெறும் ஐயப்பாடன்று. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சார்ந்த டேவிட் கொட்ஸ் முதலானோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, உருவகப்படுத்துவோர் வழிவழியாகக் கைக்கொள்ளும் ஆறு எடுகோள்களை நிரற்படுத்தியது. உலகம் தட்டையானது, ஒலிபரப்பின் எல்லை வட்டமானது, எல்லாக் கருவிகளின் வீச்சும் சமமானது, ஒருவரை மற்றவர் கேட்டால் அவரும் இவரைக் கேட்பார், கேட்குமாயின் குறைவறக் கேட்கும், சமிக்ஞையின் வலிமை தூரத்தை மட்டுமே சார்ந்தது என்பனவே அவை. கருவிகளைக் கொண்டு பெற்ற அளவீடுகள் இவ்வெடுகோள்களுக்கு முரணாகவே அமைந்தன. நான்காவது எடுகோள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. இரு முனைகளுக்கிடைப்பட்ட பாதையின் நலிவு இரு திசைகளிலும் ஒன்றாக இருக்கலாம். ஆயினும், செலுத்தியின் வலுவும் வாங்கியைச் சூழ்ந்த இரைச்சலும் முனைக்கு முனை வேறுபடுமாதலின், கேட்டல் ஒன்றாக இருப்பதில்லை. நலிவின் சமச்சீரைக் கேட்டலின் சமச்சீராகக் கொள்வதே இங்கு நிகழும் மயக்கம்.

2005இல் வெளியான மற்றோர் ஆய்வு, மோபிஹொக் மாநாட்டின் 151 கட்டுரைகளைப் பரிசீலித்தது. அவற்றுள் 114 உருவகப்படுத்தலைப் பயன்படுத்தியிருந்தன; ஆனால் மீளச் செய்து பார்க்கக்கூடியவை 15 சதவீதத்திற்கும் குறைவே. மீளச் செய்ய இயலாத ஒன்றை விஞ்ஞானம் என அழைப்பது சொல்லின் துஷ்பிரயோகமன்றி வேறில்லை.

எளிமைப்படுத்தாது எம்மாதிரியும் அமையாது என்பர் சிலர். அது உண்மையே. எளிமை குற்றமன்று, அறிவிக்கப்படாத எளிமையே குற்றம். கருவிகள் வாங்க வசதியற்ற பல்கலைக்கழகங்களுக்கு உருவகப்படுத்தலே புகலிடம் என்பர் வேறு சிலர். அவ்வாறாயின் அங்குதான் கண்டிப்பு மிகுதியாக வேண்டும். பிழையைக் காட்டிக்கொடுக்க வேறெதுவும் அங்கில்லை. ஒக்குமுறா 1968இல் வெளியிட்ட ரோக்கியோப் பகுதி அளவீடுகளைக் கொண்டு ஹாட்டா 1980இல் சமன்பாடுகளை வகுத்தார். நிலைய அன்ரெனாவின் உயரம் 30 மீற்றருக்குக் குறையலாகாது, தூரம் ஒரு கிலோமீற்றருக்குக் குறையலாகாது என்ற வரம்புகள் அவற்றுக்குண்டு. ரோக்கியோவின் எண்களைத் தேயிலை மலைச்சரிவில் நிலத்தோடு ஒட்டி நிற்கும் சிறு கருவிகளுக்குப் பொருத்துவது, அச்சமன்பாட்டை ஆக்கியவரே இட்ட வரம்பை மீறுவதாகும்.

இது ஏட்டுப் பிரச்சினை மட்டுமன்று. கேரளத்தின் மூணாறு மலைப்பகுதியில் நிலச்சரிவை முன்னுணரக் கம்பியில்லா உணரி வலையமைப்பு நிறுவப்பட்டுள்ளது. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடிய இந்நாட்டிலும் அத்தகைய முயற்சிகளின் தேவை விளக்கம் வேண்டாதது. தட்டையான உலகில் வெற்றிகண்ட திட்டமொன்று சரிவில் மௌனமாகுமாயின், அதற்கான விலையைக் கட்டுரையாசிரியர் கொடுக்கப் போவதில்லை. லயன் அறைகளில் உறங்குவோரே கொடுப்பர்.

எனவே, உருவகப்படுத்தல் ஆய்வு ஒவ்வொன்றிலும் மூன்று கடப்பாடுகள் வற்புறுத்தப்படல் வேண்டும். நலிவுக்கெனக் கொண்ட எண்களும் அவற்றின் மூலமும் வெளிப்படுத்தப்பட வேண்டும். கருதிய நிலத்தில் ஒரு சில சோடிகளுக்கேனும் நலிவு அளக்கப்பட வேண்டும். அடுக்கை மாற்றி மாற்றி இயக்கி, முடிவு எவ்விடத்தில் உடைகின்றது என்பது காட்டப்பட வேண்டும். எங்கே உடையும் என்று கூறத் துணியாத முடிவு, எங்கேனும் நிற்கும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை.