பன்னிரண்டு வயது அளவுகோல்

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகள் காண்பதற்கு இனியவை. இருபுறமும் ஆளுயரத்திற்கு வளர்ந்த உயிர்வேலிகள், கல்லால் எழுந்த சிறு பாலங்கள், திருப்பத்திற்குத் திருப்பம் மாறும் காட்சிகள் எனப் பயணிகளை அவை ஈர்க்கின்றன. ஆயினும், அவ்வழகே மிதிவண்டியில் செல்வோருக்கு இடராகவும் அமைகிறது. வேலி உயர்ந்திருப்பதால் வளைவுக்கு அப்பால் வருவது தெரிவதில்லை. ஊர்ப்புறத்தில், வேறு அறிவிப்பு நடப்படாத ஒற்றைச் சாலைகளில் மகிழுந்துகள் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வரை விரைந்து செல்லச் சட்டம் இடம் தருகிறது. அகன்ற சாலைக்கும் ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய ஒடுங்கிய வழிக்கும் அந்நாட்டில் இந்த வரம்பு ஒன்றேயாக இருப்பது வியப்புக்குரியது.

இந்நிலையில்தான், இயந்திர ஊர்திகளுக்கு இடமே இல்லாத தனி மிதிவண்டி வழிகள் தேவைப்பட்டன. அவ்வழிகள் பெரும்பாலும் புதிதாக வெட்டப்பட்டவை அல்ல. கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளின்மீது அமைந்தவை. 1963ஆம் ஆண்டு ரிச்சர்டு பீச்சிங் என்பார் பிரித்தானியத் தொடர்வண்டித் துறையைச் சீரமைக்க ஓர் அறிக்கை அளித்தார். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் நீளப் பாதைகளையும் மூடிவிட அவ்வறிக்கை பரிந்துரைத்தது. சிற்றூர்கள் பல தொடர்வண்டியை இழந்தன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. எஞ்சியது மண்ணும் சரளைக்கல்லும் பரந்த வெற்றுப்பாதை மட்டுமே.

அந்த வெற்றுப்பாதைக்கு ஓர் அரிய பண்பு இருந்தது. நீராவி இயந்திரத்தால் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. ஆகவே, பொறியாளர்கள் குன்றைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் ஆற்றின்மேல் பாலம் எடுத்தும் பாதையைப் பெரிதும் சமனாக அமைத்திருந்தனர். இயந்திரத்தின் இயலாமைக்காகச் செய்த அந்தச் சமன், சிறுவருடைய கால்களுக்கும் முதியோருடைய மூச்சுக்கும் பொருந்திவந்தது. இத்தகைய வழியை இன்று புதிதாக உருவாக்க முனைந்தால் ஆகும் பொருட்செலவை எண்ணிப் பார்க்கவும் இயலாது.

இப்பண்பை முதலில் உணர்ந்தோருள் பிரிஸ்டல் நகரத்து ஆர்வலர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1977இல் அவர்கள் கூடித் தொடங்கிய குழுவே பின்னாளில் சஸ்டிரான்ஸ் என்னும் அறநிறுவனமாக வளர்ந்தது. பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே கிடந்த பழைய இருப்புப்பாதையில், 1979இல் தன்னார்வலர்கள் மண்வெட்டியுடன் இறங்கினர். 13 மைல் நீளமுள்ள அவ்வழி 1986இல் முழுமை பெற்றது. சுற்றுலாவுக்கென்று எண்ணத் தொடங்கிய வழியில், நாள்தோறும் பள்ளிக்கும் பணிக்கும் செல்வோர் நிறைந்தனர். 2008இல் அதன் ஒரு பகுதியைப் பேருந்து வழியாக மாற்றத் திட்டம் எழுந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. தொடர்வண்டி போனபோது காக்க முடியாததை, மிதிவண்டி வழியாக மாறியபின் மக்கள் காத்துக்கொண்டனர்.

டெர்பிசயர் மலைநாட்டில் உள்ள மான்சல் வழியின் வரலாறு இன்னும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பள்ளத்தாக்கின் குறுக்கே தொடர்வண்டிக்காகக் கற்பாலம் எழுந்தபோது, கலைத்திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் மனம் கொதித்தார். பக்ஸ்டனுக்கும் பேக்வெல்லுக்கும் இடையே சிலர் விரைந்து சென்றுவருவதற்காக ஓர் எழில்மிகு பள்ளத்தாக்கை அழித்துவிட்டனர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. காலம் அவருடைய சினத்தை விந்தையாக மாற்றியது. 1968இல் அப்பாதை மூடப்பட்டது. இன்று அதே பாலத்தைக் காணவே மக்கள் அங்கு வருகின்றனர். நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த சுரங்கவழிகள், விளக்குகள் பொருத்தப்பட்டு 2011இல் திறக்கப்பட்டன. எட்டரை மைல் தொலைவுக்கு மகிழுந்தின் இடையூறின்றி அங்கே மிதிவண்டி ஓட்டலாம்.

கால்வாய்க் கரைகளும் இவ்வாறே பயன்படுகின்றன. படகுகளை இழுத்துச் சென்ற குதிரைகள் நடந்த கரைவழி, கென்னட் – ஏவன் கால்வாயின் ஓரமாக இன்று மிதிவண்டிகளைத் தாங்குகிறது. டிவைசஸ் ஊரருகே படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் 29 மதகுகளைக் கடந்து செல்வது தனி இன்பம். குதிரைப் பயணிகளுக்கு உரிய வழிகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் வழங்கியது. நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் மிதிவண்டியினர் வழிவிட வேண்டும் என்பது அதனுடன் இணைந்த கடமை. வன்மையுடையவர் மென்மையானவருக்கு ஒதுங்கி நிற்கும் அம்முறை, சாலைகளுக்கும் பொருந்தியிருக்க வேண்டியது.

1995இல், இத்தகைய வழிகளை நாடு முழுவதும் இணைக்கும் தேசிய மிதிவண்டி வலைப்பின்னல் திட்டத்திற்குக் குலுக்கல் சீட்டு வருவாயிலிருந்து பெருநிதி கிடைத்தது. 2000இல் அதன் முதற்கட்டம் திறக்கப்பட்டது. நிலப்படத்தில் கோடுகள் விரைந்து நீண்டன. ஆனால், அக்கோடுகளுள் பெரும்பகுதி சாலைகளின்மீதே சென்றது. மூடப்பட்ட இருப்புப்பாதைகளின் நிலம் துண்டுதுண்டாக விற்கப்பட்டிருந்தது. பாலங்கள் பல இடிக்கப்பட்டிருந்தன. விடுபட்ட இடங்களைச் சாலையைக் கொண்டு நிரப்பினர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நிலப்படத்து வழியும் அவ்வாறே ஆயிற்று.

2018இல் சஸ்டிரான்ஸ் தன் வலைப்பின்னலைத் தானே ஆய்வுசெய்தது. அதற்கு அது கைக்கொண்ட அளவுகோல் போற்றத்தக்கது. பன்னிரண்டு வயதுள்ள ஒரு சிறுவனோ சிறுமியோ துணையின்றி இவ்வழியில் செல்ல இயலுமா என்பதே அவ்வளவுகோல். பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதியே அதில் தேறியது. மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஊர்திகள் அற்ற வழி எனவும் தெரிந்தது. அதனினும் துணிவான செயல் 2020இல் நிகழ்ந்தது. பாதுகாப்பற்றவை எனக் கண்ட சாலைப் பகுதிகளை நீக்கியும் வகைமாற்றியும், வலைப்பின்னலின் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியை அந்நிறுவனம் குறைத்துக்கொண்டது.

பல்லாண்டு உழைப்பை ஒரு நாளில் அழிப்பதா எனச் சிலர் வருந்தினர். அவ்வருத்தம் இயல்பே. எனினும், வழிகாட்டிப் பலகையை நம்பி ஒரு குடும்பம் சரக்குந்துகள் விரையும் சாலைக்குள் நுழையுமாயின், அப்பலகை இல்லாதிருப்பதே நன்று. குறுகியதாயினும் மெய்யான வழி வேண்டும்.

இதற்கு முற்றிலும் மாறான எதிர்ப்பும் உண்டு, அது பழைமையானது. 1934இல் இலண்டனின் மேற்குப் பெருஞ்சாலையோரம் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை திறக்கப்பட்டபோது, 1878இல் தோன்றிய மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கமே அதனை எதிர்த்தது. தனிவழி தந்தபின் பொதுச்சாலையின் உரிமையைப் பறித்துவிடுவர் என அது அஞ்சியது. அவ்வச்சத்தைப் பொருளற்றது எனத் தள்ளிவிட முடியாது. ஆயினும், அவ்வாதம் நன்கு பழகிய, உடல்வலிமை மிக்க ஒருவரின் வாதம். சாலையில் உரிமை இருந்தும் அதைத் துய்க்க அஞ்சும் சிறுமியின் குரல் அவ்வாதத்தில் இடம்பெறவில்லை. உரிமையை விட்டுவிடவும் வேண்டா. தனிவழியை மறுக்கவும் வேண்டா.

தனிவழிகளிலும் குறைகள் உள்ளன. மோட்டார் வண்டிகள் நுழையாதிருக்க நுழைவாயில்களில் இரும்புத்தடைகளை நட்டனர். அவை குறும்புக்காரரைத் தடுத்தனவோ இல்லையோ, மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளியையும் குழந்தையை இழுவண்டியில் வைத்து வரும் தாயையும் தடுத்தன. பல்லாயிரம் தடைகள் இவ்வாறு நிற்பதை அதே ஆய்வு கண்டறிந்தது. அவற்றை அகற்றும் பணி மெல்லவே நடைபெறுகிறது.

மற்றொன்று, வழியை அடையும் வழி. மான்சல் வழியின் மேற்குமுனை பக்ஸ்டன் நகருக்கு ஏறத்தாழ மூன்று மைல் முன்னரே நின்றுவிடுகிறது. அதற்கு அருகே இருப்பது மகிழுந்து நிறுத்துமிடம். மகிழுந்துகள் இல்லாத வழியைத் தேடி, மிதிவண்டியை மகிழுந்தின் கூரையில் கட்டிக்கொண்டு மக்கள் அங்கு வருகின்றனர். பக்ஸ்டனில் வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு எட்டரை மைல் வழி அணித்தே இருக்கிறது. ஆனால், இடைப்பட்ட மூன்று மைலுக்கு நேர்வழியாக உள்ளது ஏ 6 நெடுஞ்சாலை. அவளை அங்கே தனியே அனுப்ப எந்தப் பெற்றோரும் துணியமாட்டார்.